ஒடிந்த அம்பு: எதை ஒட்டலாம், எதை அடுப்பில் வைக்கலாம்

மர அம்பு விட்டுப் பழகுகிறவர் வீட்டில் முதல் மாதத்திலேயே ஒரு குட்டி விறகுக்கட்டு சேர்ந்துவிடும். ஒன்று குறியின் மரச்சட்டத்தில் இடித்து முனைக்குப் பின்னால் முறிந்திருக்கும். ஒன்று கல்லில் சறுக்கி நீளவாக்கில் கீறியிருக்கும். இன்னொன்றின் இறகைப் பக்கத்து வீட்டு ஆடு மென்றிருக்கும் (என் வீட்டில் நடந்ததுதான்). நல்ல தண்டு விற்கிற விலைக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. அதற்காக எல்லாவற்றையும் ஒட்டி மறுபடி வில்லில் வைப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. எதைச் சரிசெய்யலாம், எப்படிச் செய்யலாம், எதைக் கண்ணை மூடிக்கொண்டு அடுப்பில் வைக்கலாம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

நான் இருப்பது பந்தலூர் தாலுகாவில், சேரம்பாடிப் பக்கம். வயநாடு கூப்பிடு தூரம். ஆணி, பசை வாங்க ஊட்டிக்கு மலையேறுவதைவிடப் சுல்தான் பத்தேரிக்குப் பஸ் பிடிப்பது சுலபம். அந்தப் பக்கம் வில்லுக்குப் பேர்போன குறிச்சியர் பழங்குடியினரின் நாடு. ஆங்கிலேயரை எதிர்த்த பழசி ராஜாவுக்காக 1802-இல் பனமரம் கோட்டையைத் தாக்கிய தலைக்கல் சந்துவின் ஆட்கள் அந்த வில்லாளிகள்தான். அதனால் இங்கே யாராவது வில்லைத் தூக்கிக்கொண்டு போனால் ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பதில்லை. வனத்துறைக்காரர்கள் கட்டாயம் பார்ப்பார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். காட்டோரம் வில்லும் கையுமாக நடந்தால் பதில் சொல்லி மாளாது. ஆக, இங்கே பேசுவது முழுக்கக் குறிக்கு விடும் அம்பைப் பற்றி.

அம்பில் நாலு பாகம். தண்டு, முன்னால் முனை, பின்னால் நாண் உட்காரும் பிளவு, அந்தப் பிளவுக்குச் சற்று முன்னால் மூன்று இறகு. பின்பிளவைப் பயிற்சிக் களத்தில் எல்லோரும் ‘நாக்’ என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். தண்டு பெரும்பாலும் 8 முதல் 9 மில்லிமீட்டர் கனம் இருக்கும். வெளிநாட்டில் சீடார், ஸ்ப்ரூஸ், பைன் போன்ற இலேசான மரங்கள். நம் பக்கம் மூங்கில் அதிகம். ‘இந்தியன் ரவுண்ட்’ என்று பள்ளிப் பிள்ளைகள் மூங்கில் வில்லால் 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் விடுகிறார்களே, அதில் ஒடிவதும் மர அம்பு, மூங்கில் அம்புதான்.

சரி, ஒடிந்த அம்பைக் கையில் எடுத்ததும் முதல் கேள்வி, எங்கே ஒடிந்தது என்பது. எவ்வளவு ஒடிந்தது என்பது அப்புறம். இது ஏன் என்று புரிய, அம்பு எப்படிப் பறக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். நாணை விட்ட நொடியில் அம்பு கோடு கிழித்தது போல நேராகப் போவதில்லை. பின்னாலிருந்து நாண் தள்ளுகிறது, முன்னால் முனையின் கனம் நகர மாட்டேன் என்கிறது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வளைகிறது. வளைந்து, வில்லின் பிடியைச் சுற்றி வழிவிட்டு, பிறகு மறுபக்கம் வளைந்து, ஓடை மீன் மாதிரி நெளிந்துகொண்டேதான் குறிக்குப் போய்ச் சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இதெல்லாம் முடிந்துவிடும். அந்த வளைவு அதிகமாக விழும் இடம் தண்டின் நடுப்பகுதி. இரண்டு நுனிகளிலும் வளைவு குறைவு.

அதனால்தான் நுனிப் பக்கம் ஒடிந்த அம்புக்கு வைத்தியம் உண்டு, நடுவில் ஒடிந்ததற்கு இல்லை என்கிறேன். நடுவில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும், முதல் வளைவிலேயே அது வாயைப் பிளக்கும். அப்போது அம்பு இருப்பது உங்கள் இடது கைக்கு மேலே. பின்பாதியை நாண் முழு வேகத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். உடைந்த கூர்மை கட்டைவிரலடியிலோ முன்கையிலோ இறங்கும். எனக்கு இறங்கியது. ஒரு அம்பின் நடுவில் கீறல், நன்றாகப் பசை ஊற்றி, நூல் சுற்றி, வார்னிஷ் அடித்து, பார்க்கப் புதுசு போல இருந்தது. நாலு முறை ஒழுங்காகப் போனது. ஐந்தாவது முறை பட்டென்று ஒரு சத்தம். குறியைப் பார்க்கிறேன், அம்பைக் காணோம். பாதி கீழே கிடக்கிறது, சிலாம்பு ஒன்று சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு தோலுக்குள். மூன்று தையல். குற்றம் பசையுடையது இல்லை, என்னுடையது.

‘நல்ல பசை மரத்தைவிட வலு என்கிறார்களே?’ என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் நாரோடு நார் படுத்து ஒட்டினால்தான். குறுக்கே முறிந்த இடத்தில் நாரின் வெட்டுவாய் பசையை உறிஞ்சிவிட்டு ஒன்றும் பிடித்துக்கொள்ளாது. சாய்வாகச் சீவி ஒட்டினால் நிற்கும். அதற்குக் கனத்தைப் போல எட்டு முதல் பத்து மடங்கு நீளச் சாய்வு வேண்டும். 9 மில்லிமீட்டர் தண்டுக்கு 7 முதல் 9 சென்டிமீட்டர் சாய்வு. இப்படி நடுவிலேயே இணைத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கைத்திறன் மேல் எனக்குப் பொறாமையும் உண்டு. ஆனாலும் தொடக்கக்காரர் அதில் கைவைக்க வேண்டாம்.

ஒடிந்தது கண்ணுக்குத் தெரிந்தால் பிரச்சினை இல்லை. தெரியாத கீறல்தான் ஆபத்து. அதற்கு ஒரு சோதனை, ஒவ்வொரு முறை அம்பைப் பிடுங்கியதும் செய்ய வேண்டும், அதிலும் கல்லிலோ கட்டையிலோ இன்னொரு அம்பிலோ பட்டிருந்தால் கண்டிப்பாக. தண்டின் இரண்டு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்து, முகத்துக்கு எதிர்ப்பக்கமாக இலேசாக வளையுங்கள். இரண்டு விரல்கடை வளைந்தால் போதும். கொஞ்சம் சுழற்றி மறுபடி வளையுங்கள். இப்படி ஒரு முழுச் சுற்று. கவனமாகக் காது கொடுத்துக் கேளுங்கள்: நல்ல தண்டு ஊமையாக வளையும். கீறிய தண்டு ‘க்ரிக்’ என்று முனகும், பப்படம் நொறுங்குவதற்கு முந்தைய சத்தம் போல. முனகியது என்றால் அங்கேயே முழங்காலில் வைத்து உடைத்துவிடுங்கள். அரைகுறையாக வைத்திருந்தால் மறுநாள் மறந்துபோய் வில்லில் மாட்டுவோம். கண்ணில் படாத சிலாம்பைப் பிடிக்க ஒரு பஞ்சுத் துணுக்கைத் தண்டின் மேல் மேலும் கீழும் ஓட்டுங்கள். நார் எழும்பிய இடத்தில் பஞ்சு மாட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று: அம்பு விடும்போது மட்டும் ஒடிவதில்லை, பிடுங்கும்போதும் ஒடியும். குறியில் ஏறிய அம்பை நடுத்தண்டில் பிடித்து ஆட்டி ஆட்டி இழுப்பவர்கள்தான் பாதி விறகுக்குக் காரணம். ஒரு உள்ளங்கையைக் குறியில் ஊன்றி, மற்றக் கையால் தண்டைக் குறியை ஒட்டியபடி பிடித்து, இலேசாகத் திருகிக்கொண்டே நேராக இழுக்க வேண்டும்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். அதிகம் வருவது முனைக்குப் பின்னால் நாலைந்து சென்டிமீட்டரில் முறிவது. முதலில் இரும்பு முனையை மீட்க வேண்டும். சூடாக்கினால் உருகும் பசையில் ஒட்டிய முனை என்றால், குறடில் பிடித்து மெழுகுவத்தியில் காட்டினால் நெகிழ்ந்துவிடும். உள்ளே உடைந்த மரத்துண்டு மாட்டிக்கொண்டால், அந்தத் துண்டில் ஒரு சின்ன திருகாணியை இறக்கிவிட்டு, முனையைச் சூடாக்கி, ஆணியோடு சேர்த்து இழுங்கள், பல் பிடுங்கியது போல வந்துவிடும்.

முறிந்த இடத்திலிருந்து கீறல் பின்னால் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்து, அதற்கும் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். மிச்சம் உள்ளது நல்ல தண்டு, ஆனால் குட்டை. வீட்டில் கை குட்டையான ஆள் இருந்தால் அப்படியே புது முனை போட்டுக் கொடுத்துவிடலாம். என் அண்ணன் மகள் விடும் அம்புகளில் பாதி என்னிடம் முறிந்தவைதான். ஒரு நிபந்தனை மட்டும்: நாணை முழுதாக இழுத்த பிறகும் அம்பு வில்லின் முகத்துக்கு வெளியே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். குட்டை அம்பு உள்ளே இழுபட்டு முனை வில்லுக்குப் பின்னால் வந்துவிட்டால், விட்டதும் அது போகும் இடம் வில் பிடித்த கை. பிள்ளைகள் வளர்வார்கள், போன வருஷம் சரியாக இருந்த நீளம் இந்த வருஷம் போதாது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்றால், முன்பக்கத்துக்குக் கெட்டி மரத்தில் ஒட்டுப் போடலாம். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் தின்னும் என்றாலும். ஒடிந்துபோன பழைய கட்டிலின் ஈட்டி மரக் (ரோஸ்வுட்) கால் ஒன்று என்னிடம் இருக்கிறது, மூன்று வருஷமாக அதைத்தான் சீவித் தின்றுகொண்டிருக்கிறேன். அதிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் சதுரத்தில், 22 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குச்சி. நார் ஓட்டம் நேராக உள்ள பக்கமாகப் பார்த்து எடுக்க வேண்டும். அதன் ஒரு முனையிலிருந்து சரிநடுவில் மெல்லிய ரம்பத்தால் 15 சென்டிமீட்டர் கீறி நிறுத்துங்கள். மிச்சம் 7 சென்டிமீட்டர் கெட்டியாக இருக்கட்டும். இப்போது அது துணி உலர்த்தும் மரக் கிளிப் போல இரண்டு தாடையோடு இருக்கும். அம்புத் தண்டின் வெட்டிய முனையை இரண்டு பக்கமும் இழைத்து, அதே 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு உளி முகம் போல மெலித்துக் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டால் முகம் கோணும், கோணினால் அம்பு கோணும்.

பிறகு கிளிப்பின் அடியில், கீறல் நின்ற இடத்தில், நூலை இறுக்கிச் சுற்றிவிடுங்கள். இல்லையென்றால் நாம் மெலித்த தண்டு முனை, அதாவது ஆப்பு, உள்ளே ஏறும்போது கீறல் மேலே மேலே ஓடிவிடும். தாடைகள் விரிய மறுத்தால் கொதிநீர் ஆவியில் காட்டி ஒருமுறை வெறுமனே விரித்துப் பழக்குங்கள், நன்றாக உலர விடுங்கள். ஈட்டி எண்ணெய்ப்பசை உள்ள மரம், ஒட்டுவதற்கு முன் உப்புத்தாள் தேய்த்து, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தால்தான் பசை பிடிக்கும். ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும் ஊர் எங்களுடையது. பக்கத்து ஊரான தேவாலாவின் மழை அளவு வானிலைச் செய்தியில் அடிக்கடி அடிபடும். தண்ணீருக்கு நெகிழும் வெள்ளைப் பசை இங்கே சரிப்படாது. அரால்டைட் மாதிரி இரண்டு குழாய் கலக்கும் பசைதான் நான் வைப்பது. பசை தடவி, ஆப்பைத் தாடைக்குள் அடிவரை தள்ளி, பழைய சைக்கிள் ட்யூபை ஒரு விரல் அகலத்தில் கத்தரித்து, இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். பசை பிதுங்கி வழிய வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

மறுநாள் ட்யூபை அவிழ்த்தால் அசிங்கமான ஒரு முண்டு இருக்கும். சதுரத்தை எட்டுப் பட்டையாக்கி, எட்டைப் பதினாறாக்கி, கடைசியில் உப்புத்தாளால் உருட்டி, தண்டின் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். இழைக்க இழைக்க அந்தக் கருஞ்சிவப்பு, வெளிர் மரத்துக்குள் இரண்டு பக்கமும் கூம்பிக்கொண்டு இறங்குவது தெரியும். அம்பு விடாதவர்கள்கூட வாங்கிப் பார்ப்பார்கள். முன்பக்கம் கெட்டி மரம் என்பதால் இனி அந்த இடத்தில் முறிவது அரிது. ஒடியாத புது அம்புக்கே சிலர் இப்படி ஒட்டுப் போடுவது அதனால்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கிடைத்தாரே எட்ஸி, ஐயாயிரம் ஆண்டுக்கும் முந்தைய மனிதர், அவர் தூணியில் 14 தண்டுகள் இருந்தன. செய்து முடித்தவை இரண்டே இரண்டு, இரண்டும் ஒடிந்திருந்தன. அவற்றில் ஒன்றின் முன்பாகம் வேறொரு கெட்டி மரத்தில் செய்து செருகியது. உலகத்தின் பல மூலைகளில் நாணல் அம்பு செய்தவர்களும் இதையே செய்தார்கள்: உள்ளே பொள்ளலான தண்டு, அதில் செருகிய கெட்டி மர மூக்கு, மேலே நூல் சுற்று. மூக்கு ஒடிந்தால் மூக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றதாகப் பாட்டு. அதைப் பிடுங்கியபோது என்ன கதியில் இருந்தது என்று புலவர் சொல்லவில்லை.

பின்பக்கம் போவோம். பிளாஸ்டிக் நாக் என்றால் யோசிக்கவே வேண்டாம், மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் சீவி எறிந்துவிட்டுப் புதுசு ஒட்டுங்கள். சில்லறைக் காசு. நாக் உடைந்து நாண் வெறுமையாகப் போனால், அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுதும் வில்லுக்கே திரும்பும், வில்லே முறியலாம். தண்டிலேயே வெட்டிய பிளவு என்றால் ஒரு விஷயம் பாருங்கள்: பிளவு மரத்தின் ரேகைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். ரேகையோடு வெட்டினால் நாண் கோடாலியாகிவிடும், விறகு பிளக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். இலேசாக விரிசல் விட்டிருந்தால், விரித்து ஃபெவிக்விக் ஒரு சொட்டு இறக்கி அழுத்தி, பிளவின் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குப் பட்டு நூலையோ தையல்காரரின் நைலான் நூலையோ நெருக்கிச் சுற்றி, அதன் மேலும் பசை தடவுங்கள். இன்னொரு அம்பு பின்னாலிருந்து வந்து சிதைத்திருந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செய்ய வேண்டியதுதான், இறகையும் உரித்து முன்னால் நகர்த்த வேண்டும்.

கோணலை ஒடிவோடு சேர்க்கக் கூடாது. அது அடிக்கடி வரும், சுலபமாகப் போகும். அம்பை மேசை விளிம்பில் உருட்டினால் துள்ளும் இடம்தான் கோணல். மூங்கிலோ மரமோ, சூட்டில் இளகும். ஸ்டவ் தணலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, விடாமல் சுழற்றி, கை தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கி, கோணலுக்கு எதிராக இம்மி அதிகமாகவே வளைத்துப் பிடிக்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பனமரம் பக்கத்துச் சேட்டன் ஒருவர். நான் வளைத்ததும் விட்டுவிடுவேன், அம்பு பழையபடி கோணிக்கொள்ளும். “தணுக்கட்டே, தணுக்கட்டே,” (ஆறட்டும், ஆறட்டும்) என்று என் கையின் மேல் தன் கையை வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தார். ஆறும்வரை பிடித்திருப்பதுதான் வேலை, சூடாக்குவது பாதிதான். மூங்கிலில் கணுவிலேயே கோணல் அதிகம். அதைக் கருக விடாமல் பொறுமையாகப் பாருங்கள்.

இறகு கசங்கியிருந்தால் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் பத்து நொடி காட்டிச் சுழற்றினால் போதும், கோழிக்குஞ்சு சிலிர்ப்பது போல எழுந்து நிற்கும். ஆடு மென்றது எழாது. ஒன்றை மட்டும் மாற்றும்போது, மற்ற இரண்டும் எந்தப் பக்க இறக்கையிலிருந்து வந்தனவோ அதே பக்கத்து இறகுதான் ஒட்ட வேண்டும். வலது இறக்கையின் வளைவு ஒரு பக்கம், இடது இறக்கையின் வளைவு மறுபக்கம். கலந்து ஒட்டினால் அம்பு எந்தப் பக்கம் சுழல்வது என்று தெரியாமல் தடுமாறும்.

வைத்தியம் முடிந்த அம்பு பழைய அம்பு அல்ல. குட்டையானால் விறைப்பு கூடும். முன்னால் ஈட்டி ஏறினால் முன்கனமும் கூடும், முன்பாகத்தின் விறைப்பும் கூடும். விறைப்பு வில்லின் இழுவைக்கு (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் பலத்துக்கு) பொருந்தாவிட்டால், முன்பு சொன்ன அந்த நெளிவு வில்லைச் சுற்றிச் சரியாக வழிவிடாது. வீட்டிலேயே அளக்கலாம். சுவரில் 26 அங்குல இடைவெளியில், அதாவது 66 சென்டிமீட்டரில், இரண்டு ஆணி அடித்துத் தண்டை அதன் மேல் கிடத்துங்கள். நடுவில் இரண்டு பவுண்டு எடை தொங்கட்டும்: 907 கிராம், ஒரு கிலோ சர்க்கரைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி குறைத்தால் ஏறக்குறைய அதுதான். தண்டு எத்தனை அங்குலம் தொய்கிறது என்று பார்த்து, 26-ஐ அதனால் வகுங்கள். அரை அங்குலம் தொய்ந்தால் 52. அந்த முழு நீளத் தண்டு சுமார் 50 பவுண்டு இழுவை வில்லுக்கு என்று கணக்கு. ஒட்டுப் போடுவதற்கு முன்னும் பின்னும் அளந்து வையுங்கள். களத்தில் பார்க்க இன்னும் எளிய வழி உண்டு. வலக்கைக்காரருக்கு, விறைப்பு அதிகமான அம்பு இடப்பக்கம் ஒதுங்கும், குறைவானது வலப்பக்கம் ஒதுங்கும். கொஞ்சம் இடப்பக்கம் போகிறதா, கனமான முனை போட்டுப் பாருங்கள். 100 கிரெயினுக்குப் பதில் 125 கிரெயின், அதாவது ஆறரை கிராமுக்குப் பதில் எட்டு கிராம்.

முதல் பத்துத் தடவை அதை இலேசான வில்லில், குறிக்குக் கிட்ட நின்று, கையில் தோலுறை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லாமல் விடுவது என் வழக்கம். ஒவ்வொன்றையும் பிடுங்கியதும் அந்த வளைவுச் சோதனைதான். தேறினால் பின்பிளவுக்குக் கீழே ஒரு சுற்றுச் சிவப்பு நூல் கட்டுவேன். இரண்டாம் முறை சரிசெய்தால் இன்னொரு சுற்று. மூன்றாம் சுற்று எந்த அம்பிலும் கிடையாது. அந்தக் கட்டத்துக்கு வந்ததெல்லாம் நடுவில் முறிந்தவற்றோடு சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் பாகல் கொடியைத் தாங்கி நிற்கின்றன. அடுப்புக்கென்று எடுத்து வைத்தாலும் அம்மா விடுவதில்லை, தோட்டத்துக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.